டெக் வழியாக வந்த பனிமலை

லிமெரிக், அயர்லாந்து
3.8.2003

பிரியமுள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கெசியாவின் ஸ்தோத்திரம். நானும் அவரும் தேவகிருபையால் சுகம். உங்கள் சுகத்தையும், பெங்களூர் ஹாஸ்டலில் நம் பிள்ளை ரோஹன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்பதையும் எழுதுங்கள். ஆகஸ்ட் மாதத்திலும் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன்.

இந்தப் பெட்டியைக் கொண்டுவருகிறவள் என்னோடு வேலை செய்யும் காட்பாடிப் பெண். உள்ளே ஒரு டிவிடி பிளேயர், ஒரு டிஸ்க். ஆகஸ்ட் 28 உங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அதற்குத்தான் இது.

டிஸ்க்கில் என்ன படம் தெரியுமா? நீங்கள் கல்யாணம் ஆன இரண்டாவது வாரம் வேலூரில் பார்த்த அந்தப் பனிமலைப் படம். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. பத்து வயசு கெசியாவையும் கூடவே அனுப்பினார். நான் போய் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இடைவேளையில் இரண்டு பேர் முறுக்கையும் தின்றேன். அந்தப் பாவத்துக்கு இப்போது பரிகாரம் செய்கிறேன். இந்த முறை நடுவில் ஆள் இல்லாமல் பாருங்கள்.

இங்கத்து டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடாது என்று கடைக்காரர் சொன்னார். கம்பெனிக்காரர்கள் உலகத்தையே ஆறு பங்கு போட்டு, ஒரு பங்கின் டிஸ்க் இன்னொரு பங்கில் ஓடாதபடி பூட்டு வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் பிளேயரையும் சேர்த்து வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

உங்கள் அன்புத் தங்கை,
கெசியா


ஆம்பூர்
4.9.2003

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

அண்ணன் கிறிஸ்துராஜ் எழுதுவது. இங்கு யாவரும் நலம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பிளக்கில் சதுரம் சதுரமாக மூன்று கால். நம் ஊர் ஓட்டை எதிலும் அது நுழையவில்லை. டிவி மெக்கானிக் நிசார் அஹமதைக் கூப்பிட்டேன். வயரை வெட்டி நம் ஊர் பிளக்கை மாட்டினார். பிறகு நம் ஷட்டர் போட்ட பழைய டிவியின் முதுகைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் இது, ஆன்டெனா ஓட்டைய தவிர ஒண்ணுமே இல்லியே! சரி, டெக்குதான் கீதே, அது வழியா குடுத்துர்லாம்" என்று பிளேயரைப் பழைய வீடியோ டேப் டெக்கில் மாட்டி, டெக்கை டிவியில் மாட்டினார். படம் வந்தது.

படம் நன்றாக இருந்தது.

ஒரு சேதி. வருகிற ரம்ஜான் பண்டிகைக்குப் பிறகு செலக்‌ஷன் பிரிவுக்கு என்னைத் தலைவனாகப் போடுவதாக முதலாளி வாஹித் பாஷா சொல்லியிருக்கிறார். எட்டுப் பேர் தரம் பிரித்து அடுக்குகிற தோலை நான் கடைசியாகப் பார்த்துச் சரி என்றால்தான் அது கப்பலேறும். அப்பா உட்கார்ந்த அதே வடக்கு ஜன்னல் மேஜைதான். பார்க்கலாம், தேவ சித்தம் எப்படியோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஆம்பூர்
6.9.2003

கெசியா கண்ணுக்கு,

அண்ணி பிரிஸ்கில்லாவின் முத்தங்கள். நலம், நலமறிய ஆவல். கல்யாண நாளன்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபித்து ஆசீர்வதித்தார். பிரியாணி வெளியில் சொல்லிவிட்டோம், நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. உன் அண்ணன் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அதற்கு முன் எப்போது வாங்கினார் என்று நினைவில்லை.

படம் பார்த்தோம். அந்த மலை, அந்தப் பனி எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ செய்ததை மறக்க மாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்குச் சர்க்கரை உண்டு. ஆற்காட்டிலிருந்து யார் வந்தாலும் மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லித் திருட்டுத்தனமாகத் தின்பாள். சர்க்கரை கண்ணுக்கு ஏறினால் முதலில் என்ன தெரியும்? அவள்தான் கேட்கச் சொன்னாள். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

உன் அண்ணி


லிமெரிக்
21.9.2003

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக இருக்கிறீர்களா? அப்பாவின் மேஜையில் நீங்கள் உட்காரப் போவதை நினைத்து டியூட்டி ரூமிலேயே அழுதுவிட்டேன். ஐரிஷ்காரி ஒருத்தி யாரோ செத்துப்போனதாக நினைத்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் உங்கள் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பிளக்கைப் பற்றிப் பத்து வரி எழுதினீர்கள், படத்துக்கு ஒரே ஒரு வரி. பதவி வந்ததற்கு "பார்க்கலாம்" என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "சும்மா" என்று பேச்சை மாற்றுகிறீர்கள். நடுக்கூடத்தில் போனை வைத்துக்கொண்டு அதில் என்ன ரகசியம் பேச முடியும் என்று எனக்கும் தெரியும். கடிதத்தில் சொல்லுங்கள். இனி ஃபேக்டரி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அந்த டீச்சரைப் பேடாவை விடச் சொல்லி, கண் பரிசோதனைக்கும் போகச் சொன்னேன்.

கெசியா


ஆம்பூர்
4.10.2003

அன்புள்ள கெசியா,

சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது உன் அண்ணிக்குத் தெரியக் கூடாது. கர்த்தருக்கு முன்பாக எனக்கு வாக்குக் கொடுத்தவளாக நினைத்துக்கொண்டு மேலே படி.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது.

கல்யாண நாளன்று அந்தப் படத்தில்தான் முதலில் தெரிந்தது. இரண்டு அண்ணன் தம்பிகள் கயிறு கட்டி மலை ஏறுவார்களே, தம்பி கையிலிருந்து கயிறு நழுவுகிற இடத்தில் மெதுவாக இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு வெளிச்சம் கூசுகிற மாதிரி ஏறியது. மறுபடி இருட்டு. படம் முடியும்வரை இப்படியே. பக்கத்தில் உன் அண்ணி, "பனி எவ்ளோ வெள்ளையா கீது பாருங்க" என்றாள். எனக்கு அது பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. "ஆமா, ஜோரா கீது" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

செய்தி பார்க்கும்போது அந்த இருட்டு வரவில்லை. ஆனால் செய்தியை நான் காதால்தானே கேட்கிறேன். இரண்டு முறை அவள் இல்லாதபோது டிஸ்க்கைப் போட்டுச் சோதித்தேன். அதே இருட்டு. இப்போது வேலையிலும் சந்தேகம். வடக்கு ஜன்னலில் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. மழை மேகமா, என் கண்ணா என்று சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் ஐம்பத்து மூன்றில் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் கைத்தடவலிலேயே தோல் பிரித்தார். ஒரு சரக்கு முழுக்கத் திரும்பி வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. வாஹித் பாஷாவின் அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அப்பாவை உடைத்தது. அதன் பிறகு அவர் ஃபேக்டரித் தெரு வழியாகவே நடக்கவில்லை. உனக்கு நினைவிருக்கும்.

அப்பா எனக்கு முதல் நாள் கற்றுக்கொடுத்தது, சந்தேகம் வந்த தோலை மேல் அடுக்கில் வைக்காதே என்பது. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதவி மட்டும் இல்லை, செலக்‌ஷனே வேண்டாம், கோடவுனில் ஒரு வேலை கொடுங்கள் என்று பாஷாவிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

படி இறங்கும்போது பயமாக இருக்கிறது. கோயிலுக்குப் போகும்போது உன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நல்லவேளை, அவள் ஒன்றும் கேட்பதில்லை.

அண்ணன்


ஆம்பூர்
8.10.2003

என் கெசியா கண்ணுக்கு,

அண்ணியின் ஸ்தோத்திரம். பள்ளிக்கூடத்தில் காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நீ நர்ஸ், எப்படியும் கண்டுபிடித்திருப்பாய். அந்த டீச்சர் நான்தான். பேடா தின்றதும் நான்தான். உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே. அவருக்கு இப்போதுதான் பெரிய வேலை வரப்போகிறது. இந்த நேரத்தில் பெண்டாட்டிக்குக் கண் போச்சு என்று தெரிந்தால் மனுஷன் இடிந்து போய்விடுவார். நீ சொல்ல மாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

கல்யாண நாளன்று படம் பார்க்கும்போது என் கண் இருட்டியது. அந்தத் தம்பிக்காரன் கயிற்றை விடுகிற கட்டம். பனியெல்லாம் அடுப்புச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. ஒருவேளை படமே அப்படித்தானோ என்று உன் அண்ணனை நைசாகச் சோதித்தேன். "பனி எவ்ளோ வெள்ளையா கீது பாருங்க" என்றேன். அவர் உடனே, "ஆமா, ஜோரா கீது" என்றார். அவர் கண் யார் கண்? ஈ உட்கார்ந்த தழும்பைக்கூடத் தோலில் கண்டுபிடிக்கிற கண். அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு என்னிடம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது. போகாதவரைக்கும் ஒன்றுமில்லை என்று இருக்கலாம் அல்லவா?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உன் அண்ணன் இப்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடக்கிறார். இருபத்தைந்து வருஷத்தில் இல்லாத அதிசயம். எதிர்வீட்டு எல்லம்மா, "இன்னா டீச்சர், புதுப் பொண்ணு மாதிரி போறீங்க" என்று கேலி செய்கிறாள். அவர் ஆசையாகப் பிடிக்கிறார், நான் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்கிறேன். அவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணி


லிமெரிக்
24.10.2003

பிரியமுள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். சுகம் விசாரிக்க நேரமில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்: பாஷா பாயிடம் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நான் சாப்பிடவில்லை. அப்பாவின் முகமே கண்ணில் நின்றது. இரண்டு நாள் கழித்து வேறொரு விஷயம் தெரிய வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு அந்த இருட்டு உங்கள் கண்ணில் இல்லை, டிவியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. எங்கள் வார்டு மெஷின்களைப் பழுது பார்க்கும் பேட்ரிக் என்பவரிடம் கேட்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "நடுவில் டெக் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அண்ணா, அது பூட்டு. டிஸ்க்கில் இருக்கிற படத்தை யாரும் டேப்பில் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் வைத்த பூட்டு. டிஸ்க்கின் படம் டெக் வழியாகப் போனால், அது காப்பிக்காகப் போகிறதா, பார்ப்பதற்காகப் போகிறதா என்று அந்தப் பூட்டுக்குத் தெரியாது. டெக்கைக் குழப்பிப் படத்தை இருட்டாக்கும், வெளிச்சமாக்கும், மறுபடி இருட்டாக்கும். பிளேயர் நேராக டிவிக்குப் போனால் ஒன்றும் செய்யாது. ஆம்பூரில் கல்யாண நாள் கொண்டாடுகிற மனுஷனை அது திருடன் என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான்.

காசு கொடுத்து நியாயமாக வாங்கிய டிஸ்க் அண்ணா. திருட்டு விசிடி வாங்கி அனுப்பியிருந்தால் பனி பளிச்சென்று தெரிந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரருக்குப் பாதிதான் புரிந்தது.

நிசாரிடம் டெக்கை நடுவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். டிவி கேம் டப்பா மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதன் வழியாகக் கொடுத்தால் ஆன்டெனா ஓட்டையிலேயே படம் வரும். பிறகு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பாவுக்கு வந்தது வந்ததுதான். அதை டெக் தலையில் கட்ட முடியாது.

ஐந்து தடவை போன் அடித்தேன். மணியே போகவில்லை.

கெசியா


லிமெரிக்
24.10.2003

என் அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் கண் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். கோளாறு டெக்கில். நிசார் அஹமதைக் கூப்பிட்டு டெக்கை எடுத்துவிட்டு, டிவி கேம் டப்பா வழியாகப் படத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பனி என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.

ஆனால் சர்க்கரைக்கு டெக் காரணமில்லை. ஆஸ்பத்திரிக்கு அவசியம் போக வேண்டும். பேடா கூடாது.

அண்ணன் கையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இதற்கு மேல் எழுதினால் வாக்குத் தவறிவிடுவேன்.

கெசியா


ஆம்பூர்
28.10.2003

அன்புள்ள கெசியா,

இங்கு நல்ல மழை. போன் பத்து நாளாகச் செத்துக் கிடக்கிறது. உன் பதில் வருவதற்குள் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று நோன்பு இரண்டாம் நாள். பாஷாவின் அறைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். "இன்னா ராஜு இது? லீவு லெட்டரா?" என்றார். "கண்ணு சரியில்ல பாய். செலக்‌ஷன் வேணாம்" என்றேன். கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். "நோன்பு முடியட்டும், பேசிக்கலாம்" என்றார்.

வெளியில் வந்து வடக்கு ஜன்னல் பக்கம் பார்த்தேன். எங்கள் எட்டுப் பேரில் ஒருவனான ஜியாவுல்லா, எனக்கு வரவேண்டிய மேஜையில் உட்கார்ந்து ஒரு தோலை விரித்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் கெசியா. எனக்கு அழுகை வந்தது. உன் அண்ணியிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அண்ணன்


ஆம்பூர்
1.12.2003

என் அன்புத் தங்கை கெசியாவுக்கு,

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

உன் கடிதம் ஃபேக்டரிக்கு நவம்பர் எட்டாம் தேதி வந்தது. நாலு முறை படித்தேன். சாயங்காலமே நிசார் கடைக்குப் போய், "டெக்க எடுத்துட்டு டிவி கேம் டப்பா போடணும்" என்றேன். அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் பேஜாரு! காலைலதான் டீச்சரம்மா வந்து இதையே சொல்லிட்டுப் போனாங்க. சார்கிட்ட சொல்லாதீங்கன்னு வேற சொன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி கதவைத் திறந்தாள். நிசாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. நிசார் யாரையும் பார்க்காமல் நேராக டிவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

டப்பாவை மாட்டிப் படத்தைப் போட்டார். கயிறு நழுவுகிற இடம் வந்தது. கெசியா, பனி வெள்ளையாக இருந்தது. கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. நான் அழுதேன். திரும்பிப் பார்த்தால் அவளும் அழுகிறாள். "நீ ஏன் அழுவுற?" என்று கேட்டேன். "நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டாள். யார் முதலில் சொன்னோம் என்று தெரியவில்லை. அவள் பேடாவையும் ஒத்துக்கொண்டாள். நிசார் கூலி கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

இரண்டு மாதம் அவள் என்னைத் தடியாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள், நான் அவளைத் தடியாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இரண்டு பேரையும் கர்த்தர்தான் காப்பாற்றியிருக்கிறார். நீ இரண்டு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் வாக்குத் தவறாமல் எப்படி எழுதினாய் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறோம்.

நீ சொன்னபடி வேலூர் போய் இருவரும் கண்ணைக் காட்டினோம். எனக்குக் கண் அழுத்தம் சரியாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்குக் கண் நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் ஜாஸ்தி. சொட்டு மருந்து விட்டதில் அன்றைக்கு நிஜமாகவே இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ் கண்டக்டர்தான், "ஆம்பூர் வந்துட்ச்சி, எறங்குங்க பெரியவரே" என்று கைப்பிடித்து இறக்கிவிட்டார். நான் பெரியவராம்.

பாஷாவிடம் மறுநாளே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பண்டிகையன்று வீட்டுக்குப் போனேன். சேமியா கொடுத்தார். டெக் கதையை எல்லாம் சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அலமாரியில் வைத்தது வைத்தபடி, ஒட்டிய ஒட்டு பிரியாமல் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "நீ சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் ராஜு. கண்ணு செரியில்லன்னு தானா வந்து சொல்றவன் கையிலதான் சரக்க குடுக்கணும். உங்கப்பா அத மட்டும் செய்யல" என்றார். பிறகு, "அவரு மேல எங்க வாப்பாவுக்குக் கோவம் இல்ல. தெருவ மாத்திக்கினு போய்ட்டாரேன்னுதான் வருத்தம்" என்றார். இதை அப்பா கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை அந்த மேஜையில் உட்கார்ந்தேன். நல்ல வெயில்.

அன்புடன் அண்ணன்

கெசியா கண்ணு, மீதி இடத்தில் அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகு இனிமேல் அவரவர் பாட்டுக்கு நடப்போம் என்று நினைத்து நான் முன்னால் படி இறங்கினேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எல்லம்மா வாசலில் நின்று சிரிக்கிறாள். "விடுங்க, தெருவே பாக்குது" என்றேன்.

"எனக்கும் தெரியுது. எல்லாரையும் நல்லா தெரியுது" என்று சொல்லிக்கொண்டே கோயில் வாசல்வரை கையை விடவில்லை.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். அடுத்த லீவுக்கு வா. மறுபடியும் அந்தப் படத்தைப் போடுகிறோம். முறுக்கு உனக்குத் தனியாக வாங்கி வைக்கிறேன். நடுவில் மட்டும் உட்காராதே.